மூன்று கொட்டேஷன், மூன்று வேறு வேலி

கேள்வி: எங்கள் வீட்டு மனையின் முன்பக்கம் மதில் இருக்கிறது. இரண்டு பக்கவாட்டிலும் பின்னாலும் 5 அடி உயரத்துக்குக் கம்பி வலை வேலி போட வேண்டும். பக்கவாட்டு தலா 70 அடி, பின்பக்கம் 44 அடி. பின்னால் 4 அடியில் ஒரு சின்ன கேட் வேண்டும். வலப்பக்கம் நிலம் பின்னோக்கிச் சரிகிறது, மொத்தமாக இரண்டரை அடி இறக்கம். மூன்று கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டேன். முதலாமவர் சொன்னதுதான் மிகக் குறைவு. அரைத் தாளில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். இரண்டே நாளில் முடித்துவிடுவாராம், 60 சதவீதம் அட்வான்ஸ் வேண்டுமாம். இரண்டாமவர் கான்கிரீட் கால் நட்டு, ரன்னிங் அடிக்கு, அதாவது வேலி நீளத்தில் ஒரு அடிக்கு, இவ்வளவு என்று கணக்குச் சொல்கிறார். மூன்றாமவர் தாளில் இரண்டு பக்கம் நிறையப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார், விலை முதலாமவரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். யாரிடம் கொடுப்பது? அல்லது பொருளை நானே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு யாரிடமும் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே வேலிக்கான மூன்று விலை இல்லை; மூன்று வேறு வேலிகளின் விலை. ‘5 அடி உயரம், 184 அடி நீளம், மொத்தம் இவ்வளவு’ என்ற அந்த ஒற்றை வரிக்குள் பத்து வருடம் நிற்கும் வேலியையும் அடக்கலாம், அடுத்த மழைக்காலத்தில் சாயும் வேலியையும் அடக்கலாம். என்ன வேண்டும் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதி, மூவருக்கும் அதே தாளைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் பாதியாகக் குறைந்துவிடும். குறையாமல் நின்றால், ஏன் என்று கேட்க உங்களிடம் காரணம் இருக்கும்.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது கால்களின் எண்ணிக்கை. இந்த வலைக்குக் காலுக்குக் கால் 8 அடிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. உங்கள் அளவுக்கே போட்டுப் பார்ப்போம். 70 அடியை 9 பங்காக்கினால் ஒவ்வொன்றும் 7 அடி 9 அங்குலம் வரும். பின்பக்கத்தில் கேட்டுக்கு 4 அடி போக மீதி 40 அடி. கேட்டின் ஒரு பக்கம் 24 அடி, மறுபக்கம் 16 அடி விட்டால், 8 அடி வீதம் 3 பங்கும் 2 பங்குமாகக் கச்சிதமாகப் பிரியும். இந்தக் கணக்கில் மூலைக்கால் 2, மதிலை ஒட்டி வேலி தொடங்கும் முனைக்கால் 2, கேட் கால் 2, இடையில் நிற்கும் நடுக்கால் 19. ஆக 25 கால். இதையே காலுக்குக் கால் 12 அடி என்று வைத்துவிட்டால் நடுக்கால் 12-ஆகக் குறைந்துவிடும். 7 பைப், 7 குழி, அதற்கான கான்கிரீட், அரை நாள் கூலி எல்லாமே மிச்சம். வேலி முடிந்த அன்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆறு மாதம் கழித்து வலை நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும்போது தெரியும். முதலாமவரின் விலை எங்கே குறைந்தது என்று தேட, ‘எத்தனை கால்?’ என்ற ஒரே கேள்வியில் தொடங்குங்கள்.

இரண்டாவது, முட்டுக்கால், அதாவது காலுக்குச் சாய்வாக முட்டுக் கொடுக்கும் பைப். வலையை இழுத்துக் கட்டும்போது அந்த இழுவை முழுவதையும் தாங்குவது முனைக்காலும் மூலைக்காலும்தான். நடுக்கால்கள் வலையைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி. கம்பி வலை வேலி சாய்கிறதென்றால் பெரும்பாலும் மூலையில்தான் தொடங்கும். மூலைக்கால் ஒரு அங்குலம் உள்வாங்கினால் போதும், அந்தப் பக்கம் 70 அடிக்கும் வலை தளர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முனைக்காலுக்கும் கேட் காலுக்கும் ஒரு முட்டு, மூலைக்காலுக்கு இரண்டு திசையிலும் ஒவ்வொரு முட்டு. உங்களுக்கு 8 முட்டு வரும். முட்டு, வலை போகும் பக்கத்திலேயே, வேலியின் நேர்கோட்டிலேயே சாய்ந்து நிற்க வேண்டும். வலை காலைத் தன் பக்கம் இழுக்கும், முட்டு எதிர்த்துத் தள்ளும், அதுதான் அதன் வேலை. அடியைக் கான்கிரீட்டில் புதைக்காமல் மண்ணில் குத்தி வைத்த முட்டு, இழுவை ஏறியதும் மெதுவாக மண்ணுக்குள் இறங்கிவிடும். கொட்டேஷனில் முட்டைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அது மறந்துபோனதாக இருக்காது.

அடுத்தது குழி. வேலியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது இதுதான். ஏமாற்றுவதற்கு வசதியான இடமும் இதுதான், ஏனென்றால் மூடிய பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. நடுக்காலுக்கு 1 அடி அகலம், 2 அடி ஆழம். முனை, மூலை, கேட் கால்களுக்கு 16 அங்குல அகலம், இரண்டரை அடி ஆழம். முட்டுக்கு 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். மணல் பாங்கான மண்ணிலும், நனைந்தால் உப்பி காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணிலும் ஆழத்தை இன்னும் அரை அடி கூட்டுங்கள். குளிர்காலத்தில் நிலம் உறையும் ஊர் என்றால் உறையும் ஆழத்துக்குக் கீழே குழி போக வேண்டும். இல்லாவிட்டால் வருடா வருடம் காலை மண்ணே மேலே தள்ளும். குழியின் சுவர் செங்குத்தாக, அடியிலும் அதே அகலத்தில் இருக்கட்டும். மேலே அகன்று கீழே குறுகிய குழியில் ஊற்றிய கான்கிரீட் ஆப்பு வடிவில் நிற்கும், மண் உப்பும்போது மேலே கிளம்பிவிடும்.

கான்கிரீட் கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவில் 33 வட்டக் குழிகளுக்குச் சேர்த்து 60 கன அடி வரும், அதாவது 1.7 கன மீட்டர். 1:2:4 கலவையில் (சிமெண்ட் 1, மணல் 2, ஜல்லி 4 பங்கு) ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ சிமெண்ட் ஆறேகால் மூட்டை போல ஆகும். உங்கள் வேலிக்குப் பத்தரை முதல் பதினொரு மூட்டை. வாசலில் இறங்கியது ஐந்து மூட்டை என்றால் ஒன்று குழி சின்னது, இல்லை கலவை மெலிவு. 9 அங்குல அகலத்தில் 15 அங்குல ஆழம் தோண்டினால் ஒரு குழிக்கு வேண்டிய கான்கிரீட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். குழியைப் பார்க்காமலேயே மூட்டையை எண்ணி இதைக் கண்டுபிடித்துவிடலாம். இருந்தாலும் ஊற்றும் நாளன்று ஒரு குச்சியில் 2 அடிக்கும் இரண்டரை அடிக்கும் கோடு போட்டு எடுத்துப்போய், குழிக்குக் குழி விட்டுப் பாருங்கள். மேஸ்திரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உடைந்த செங்கல்லும் கல்லும் போட்டு நிரப்பி, மேலே மட்டும் கலவையைப் பூசுவது இன்னொரு வழக்கம். உலர்ந்த கலவையைக் கொட்டி மேலே தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. தண்ணீர் அடிவரை சீராக இறங்காமல் கீழே பொடியாகவே தங்கிவிடலாம். தனியாகக் குழைத்துத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றும்போது கம்பியால் குத்திவிட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கான்கிரீட்டின் தலை தரைமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே, காலைச் சுற்றிக் குவிந்து சரிந்திருக்கட்டும். இரும்புக் கால் முதலில் துருப்பிடிப்பது தரையைத் தொடும் இடத்தில். அங்கே குழிவாக விட்டால் தண்ணீர் தேங்கி நிற்கும்.

பைப்பிலும் வலையிலும் எடைதான் உண்மை பேசும். ‘ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப்’ (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும், சுவர்க் கனத்தையும் சேர்க்க வேண்டும். வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர் உள்ள அந்தப் பைப், 2 மில்லிமீட்டர் கனத்தில் மீட்டருக்கு 2.28 கிலோ, 3.2 மில்லிமீட்டர் கனத்தில் 3.56 கிலோ. ஏழரை அடிக் கால் ஒன்று முன்னதில் 5.2 கிலோ, பின்னதில் 8.1 கிலோ. வெளியே இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். நடுக்காலுக்கு இந்த ஒன்றரை இன்ச் பைப் போதும். முனைக்கும் மூலைக்கும் 2 இன்ச், கேட் காலுக்கு இரண்டரை இன்ச் போட்டால் நிம்மதி. ஒவ்வொரு பைப்பின் தலையிலும் மூடி வேண்டும். மூடி இல்லாத பைப்புக்குள் மழைநீர் இறங்கி உள்ளேயிருந்தே அரிக்கும், வெளியே தெரியும்போது ஓட்டை விழுந்திருக்கும்.

வலைக்கு கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது பலரும் தலைகீழாக நினைக்கும் விஷயம். 10 கேஜ் என்றால் 3.25 மில்லிமீட்டர், 12 கேஜ் என்றால் 2.64. இரண்டு அங்குலக் கண் உள்ள, 5 அடி உயரம், 50 அடி நீளச் சுருள் ஒன்று 10 கேஜில் 60 முதல் 65 கிலோ இருக்கும்; 12 கேஜில் 40 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். பழைய இரும்பு எடை போடும் தராசு ஒன்று கிடைத்தால் வாக்குவாதமே வேண்டாம். தராசு இல்லையா, ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்து நாலைந்து இடத்தில் கம்பியை அளந்து பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட பச்சை வலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சொல்லும் கனம் உறையோடு சேர்த்ததா, உள்ளே உள்ள கம்பி மட்டுமா என்று கேளுங்கள். உறைக்குள் மெலிந்த கம்பி ஒளிந்திருக்கலாம். துத்தநாகப் பூச்சிலும் இதே கதைதான். கனமான பூச்சு என்றால் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேல் இருக்கும், மெல்லிய பூச்சில் 100-ஐக்கூடத் தொடாது. புதிதில் இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும், மெல்லியதுதான் கண்ணுக்கு இன்னும் பளிச்சென்று இருக்கும். பூச்சின் அளவு போட்ட தயாரிப்பாளர் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

வேண்டிய வலை 180 அடி. 50 அடிச் சுருள் நாலு எடுக்க வேண்டும், 20 அடி மிஞ்சும். ரன்னிங் அடிக்கு விலை பேசினால், அளவு நின்ற வேலிக்கா, இறங்கிய சுருளுக்கா, கேட்டின் 4 அடி அதில் சேருமா என்பதை இப்போதே தெளிவாக்கிவிடுங்கள். கடைசி நாளில் வரும் சண்டைகளில் பாதி இதில்தான்.

சில்லறைச் சாமான்களையும் விட்டுவிட வேண்டாம். மேலே, நடுவே, கீழே என்று மூன்று வரி இழுகம்பி, 8 கேஜ், முனையில் இறுக்கும் திருகோடு. வலை முடியும் இடங்களில் கடைசிக் கண்வரிசையில் ஃபிளாட் பட்டை கோத்து, காலோடு நாலைந்து கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பட்டை இல்லாமல் வெறும் கம்பியால் கட்டினால் இழுவை இரண்டு மூன்று கண்களில் மட்டும் ஏறி, அந்த இடம் பிய்ந்துகொள்ளும். நடுக்காலில் அடிக்கு ஒரு கட்டு, இழுகம்பியில் 2 அடிக்கு ஒரு கட்டு. கட்டுக்கம்பியும் துத்தநாகம் பூசியதாகவே இருக்கட்டும். கான்கிரீட் கம்பி கட்டும் கறுப்புக் கம்பியை வேலிக்குக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள், ஒரு மழைக்காலத்தில் அது துருவாகிக் கொட்டிவிடும். போல்ட்டின் தலை வெளிப்பக்கம், நட்டு உள்பக்கம். வலையின் ஒரு விளிம்பு மடித்தும் மறு விளிம்பு கூராக முறுக்கியும் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மடித்த விளிம்பை மேலே போடச் சொல்லுங்கள். தரைக்கும் வலைக்கும் ஒன்றிரண்டு அங்குலம் இடைவெளி விட வேண்டும், மண்ணில் பட்டால் அங்கேதான் முதலில் துரு ஏறும். பைப்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். தேய்த்துச் சுத்தம் செய்து துத்தநாகம் கலந்த பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். சில்வர் பெயின்ட் அதற்கு ஈடாகாது.

இரண்டாமவர் சொல்லும் கான்கிரீட் கால் தவறில்லை. துரு பயம் குறைவு, உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இரும்பைவிட நன்றாகவே நிற்கும். ஆனால் அது வார்த்த விதத்தைப் பொறுத்தது. உள்ளே நான்கு மூலையிலும் கம்பி ஓட வேண்டும், கம்பியை மூடிக் குறைந்தது ஒரு அங்குலமாவது கான்கிரீட் இருக்க வேண்டும், வார்த்து 28 நாள் ஆகியிருக்க வேண்டும். ஈரமாகவே வண்டியேறி வரும் கால்களில் இறக்கும்போதே மயிரிழை விரிசல் விழும், அதன் வழியாகத் தண்ணீர் போய் உள்கம்பி துருப்பிடித்து, காலை நீளவாக்கில் பிளக்கும். இறங்கிய கால்களை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும். அப்படிப்பட்டதை ஒதுக்கி வைக்கலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

‘இரண்டே நாளில் முடிப்பேன்’ என்பது எனக்கு விலையைவிடப் பெரிய எச்சரிக்கை. குழி தோண்டிக் கால் நட ஒன்றிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு கான்கிரீட்டைத் தொடக் கூடாது. ஏழு நாள் கான்கிரீட்டுக்கு முழு வலுவில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். மறுநாளே வலையை இழுத்தால் மூலைக்கால் அசைந்து, காலைச் சுற்றி நூலளவு இடைவெளி விழும். அந்த இடைவெளி பிறகு ஒருபோதும் மூடாது. நட்ட ஏழாம் நாளுக்கு முன் வலை இழுக்கக் கூடாது, கேட் மாட்டக் கூடாது, அதுவரை காலை மாலை தண்ணீர் விட வேண்டும் என்று எழுதுங்கள். அதற்குப் பின் வலை, கட்டு, கேட் எல்லாம் இரண்டு நாள் வேலை. ஆக மொத்தம் பத்து பதினோரு நாள், அதில் ஆள் வேலை செய்வது நாலு நாள்தான். இடையில் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் திரும்பி வரும் தேதியையும் ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள்.

வலப்பக்கச் சரிவைப் பற்றிக் கவலை வேண்டாம். 70 அடிக்கு இரண்டரை அடி என்றால் ஒரு பங்குக்கு 3 அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த அளவு சரிவைக் கம்பி வலை தானே ஏற்றுக்கொள்ளும், தரையோடு சேர்த்து இழுத்துவிடலாம். பலகை வேலி, இரும்புச் சட்ட வேலி என்றால்தான் படிப்படியாக இறக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு படிக்கும் அடியில் முக்கோண இடைவெளி விழும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கால் சரிவுக்குச் செங்குத்தாக இல்லாமல் தூக்குக்குண்டு நூலுக்கு இணையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு காலையும் ரசமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்வது கைவந்த சோம்பல். சரிவு ஒரே சீராக இல்லாமல் நடுவில் சட்டென்று மாறினால், மாறும் இடத்தில் ஒரு மூலைக்காலைப் போலவே இருபக்க முட்டோடு கால் வேண்டும்.

கேட் சின்னதென்று அலட்சியம் வேண்டாம், வேலியில் தினமும் அடிபடுவது அதுதான். சட்டத்தில் கீழ்க்கீல் மூலையிலிருந்து எதிர் மேல்மூலைக்குக் குறுக்குச் சட்டம் போக வேண்டும். திசை மாறினால் அந்தச் சட்டம் இழுவையில் வேலை செய்யும், அதற்கு மெல்லிய கம்பியே போதும். மேல்கீலின் கொண்டியைத் தலைகீழாக வைத்தால் கேட்டை யாரும் அப்படியே தூக்கிக் கழற்ற முடியாது. தரைக்கும் கேட்டுக்கும் 2 அங்குலம் இடைவெளி, எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத் தரை ஏற்றமாக இல்லாதபடி. மண் தள்ளும் கைவண்டி 4 அடிக்குள் தாராளமாகப் போகும். ஆனால் 4 அடி என்பது கால்களுக்கு இடையில் உள்ள சுத்த அளவா, கேட் சட்டத்தின் அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் குழி தோண்டும் முன்னால் முடிக்க வேண்டியது: எல்லை. பழைய வேலி நின்ற இடத்தையோ செடி வரிசையையோ எல்லையென்று நம்பாதீர்கள். எல்லைக் கல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் குச்சி அடித்துக் கயிறு கட்டுங்கள். கால் மட்டுமல்ல, காலைத் தாங்கும் கான்கிரீட்டும் உங்கள் நிலத்துக்குள் இருக்க வேண்டும். 16 அங்குலக் குழி என்றால் காலின் மையம் கயிற்றிலிருந்து குறைந்தது 8 அங்குலம் உள்ளே வரும். நேராக்கிக்கொள்ள இன்னும் ஓரிரண்டு அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடம் கயிறு கட்டிய அன்றே காட்டி, ஒப்புக்கொண்டதை நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் வரக்கூடிய வருத்தம் குறையும். வேலி உயரத்துக்கும் முள்கம்பிக்கும் உள்ளாட்சி விதியோ குடியிருப்போர் சங்க விதியோ இருக்கலாம். அனுமதி தேவையென்றால் அதை வாங்குவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும். பூமிக்குள் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள், கேஸ் லைன் ஆகியவற்றின் தடத்தை அந்தந்தத் துறையைக் கொண்டு குறிக்கச் சொல்லுங்கள். குறித்த தடத்துக்கு இருபுறமும் 2 அடிக்குள் இயந்திரத் துரப்பணம் கூடாது, கையால்தான் தோண்ட வேண்டும்.

பாறை தட்டினால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசுங்கள். ‘பாறை வந்தால் தனி ரேட்’ என்று மட்டும் எழுதினால் சின்னக் கல்லும் பாறையாகிவிடும். கடப்பாரையால் பெயர்க்க முடியாததுதான் பாறை, ஒரு குழிக்கு இவ்வளவு கூடுதல், தோண்டும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று போடுங்கள். தோண்டிய மண்ணும் உண்டு. 60 கன அடி மண் தோண்டி எடுத்தால் பொங்கி 75 கன அடி போல ஆகும். அதை அள்ளிப்போவது யார் என்று எழுதாவிட்டால் நீங்கள்தான்.

இனி பணம். 60 சதவீதத்தைக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு உங்கள் பேச்சுக்கு எடை இல்லை. நான் சொல்லும் பிரிப்பு இது: ஒப்பந்தத்தன்று 10 சதவீதம், பைப்பும் வலையும் உங்கள் வாசலில் இறங்கி, எடையும் கனமும் சரிபார்த்த பிறகு 40, எல்லாக் காலும் கான்கிரீட்டில் நின்றதும் 25, வேலை முடிந்ததும் 15, முடிந்து ஒரு மாதமோ ஒரு நல்ல மழையோ கடந்த பிறகு மீதி 10. பொருள் வாங்கக் கையில் பணமில்லை என்று அவர் சொன்னால் அது நியாயமான சிரமம்தான். அப்போது கடைக்குப் பணத்தை நீங்களே நேராகக் கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள். கான்ட்ராக்டர் கடன் வைத்துப் போட்ட பொருளுக்குக் கடைக்காரர் உங்கள் வாசலில் வந்து நிற்கும் தொல்லையும் இருக்காது. வேலையாட்களுக்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, காப்பீடு இருக்கிறதா என்பதையும் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், வாய்ச்சொல் போதாது.

பொருளை நீங்களே வாங்கிக் கூலி மட்டும் பேசுவதை முதல் வேலிக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு கிளாம்ப் குறைந்தாலும் வேலை நிற்கும், நின்ற நாளுக்குக் கூலி கேட்பார்கள். கால் சாய்ந்தால் ‘உங்கள் பைப் மெலிவு’ என்பார் அவர், ‘உங்கள் குழி சின்னது’ என்பீர்கள் நீங்கள். பொருளின் தரத்தை எழுத்தில் கட்டி, இறங்கும்போது அளந்து எடுத்துக்கொள்வதே அதற்கு ஈடான பாதுகாப்பைத் தரும். பிடிவாதமாகச் செய்வதென்றால் பைப், வலை இரண்டை மட்டும் நீங்கள் வாங்குங்கள். சிமெண்ட், ஜல்லி, மணல், சில்லறைச் சாமான் அவருடைய கணக்கிலேயே இருக்கட்டும்.

மூன்று விலையும் மறுபடி வந்த பிறகு, ஒவ்வொருவரும் மூன்று வருடத்துக்கு முன் போட்ட ஒரு வேலியைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் போட்டது எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். போய்ப் பார்க்கும்போது நேராக மூலைக்குப் போங்கள். மூலைக்கால் உள்ளே சாய்ந்திருக்கிறதா, தரையைத் தொடும் இடத்தில் துரு வளையம் இருக்கிறதா, கேட் கொண்டி தூக்கிவிடாமல் தானாக விழுகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடம் போதும். மூன்றாமவர் ஏற்கனவே பட்டியலோடு வந்திருப்பதால் அவர் பக்கம் எனக்குச் சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நீளமான பட்டியலில் முட்டுக்காலும் குழி அளவும் இல்லாமல், பெயின்ட் நிறம் மட்டும் விவரமாக இருப்பதும் நடக்கும். உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாமவரும் அதே தாளுக்கு நியாயமான விலை சொல்லி, ஏழு நாள் காத்திருக்கவும் பணப் பிரிப்புக்கும் ஒப்புக்கொண்டால் அவரை ஒதுக்கக் காரணமில்லை. அரைத் தாளில் எழுதுபவர்களிலும் கைவேலை தெரிந்தவர்கள் உண்டு.

முடித்துக் கொடுக்கும் நாளில், 15 சதவீதத்தை எடுத்துக்கொண்டு வேலியோரமாக நடங்கள். ஒவ்வொரு காலையும் நெஞ்சு உயரத்தில் பிடித்து உலுக்குங்கள், காலின் அடியில் கான்கிரீட்டோடு சேர்ந்த இடம் அசையக் கூடாது. இரண்டு காலுக்கு நடுவே வலையை உள்ளங்கையால் தள்ளுங்கள், விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். முனையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் 70 அடியும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கேட்டைப் பாதி திறந்து கையை எடுங்கள், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தானாக ஓடினால் கேட் கால் சாய்ந்திருக்கிறது. குறைகளைத் தேதியோடு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கால் சாய்ந்தாலோ கேட் இறங்கினாலோ ஒரு வருடத்துக்கு இலவசமாகச் சரிசெய்வார் என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

மிஞ்சிய அந்த 20 அடி வலையை வண்டியில் ஏற்றிவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருக்கிறீர்கள். கம்பி வலை ஒவ்வொரு கம்பியாகத் திருகிப் பின்னியது. எங்காவது அறுந்தால் அந்த ஒரு கம்பியை மட்டும் திருகி உருவிவிட்டு, மிச்ச வலையிலிருந்து ஒரு கம்பியை அதே வழியில் திருகிச் செலுத்தினால் ஒட்டுத் தெரியாமல் சேர்ந்துகொள்ளும்.